மதியம் பசிக்காத பிள்ளைகள்

ஏ.டி.எச்.டி. மாத்திரை ஆரம்பித்ததும் சோறு இறங்கவில்லை, பிள்ளை இளைத்துவிட்டான். நிறுத்திவிடலாமா? வேலூர், ஆம்பூர், கலவை வட்டாரத்து வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விக்கு ஒரு விரிவான பதில்.

காலை ஏழு மணி. ஆம்பூரை ஒட்டிய கிராமம். ஷூ கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட தாய், இட்லித் தட்டோடு ஏழு வயதுப் பையன் பின்னால் ஓடுகிறார். அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்து, மாடிப்படி ஏறி இறங்கி, கோழியைத் துரத்திவிட்டு மறுபடி வாசலுக்கு வருகிறான். "இன்னும் ரெண்டே வாய்டா கண்ணு." ஒரு வாய் வாங்குகிறான். அதையும் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான். "நீ கெளம்பும்மா, பஸ்ஸு போயிடப் போவுது. நா ஊட்டிக்கிறேன்" என்கிறார் மாமியார். பஸ் போய்விடுகிறது. எட்டு மணிக்கு மாத்திரையைப் பாட்டி மறக்காமல் கொடுத்துவிடுகிறார். தட்டில் மூன்று இட்லி அப்படியே இருக்கிறது.

பன்னிரண்டரைக்குச் சத்துணவு. முட்டையைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டு, நாலு பருக்கை கொறித்துவிட்டு எழுந்துவிடுகிறான். நாலரைக்கு வீடு. டீயும் பொறையும். மாலை ஏழு மணிக்கு அம்மா பஸ்ஸை விட்டு இறங்கும் நேரத்தில்தான் அவனுக்குப் பசி கபகபவென்று எடுக்கிறது. அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் வீட்டில், ஏ.டி.எச்.டி. மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு நாள் இப்படித்தான் போகும். இரண்டு மூன்று மாதத்தில் யூனிஃபார்ம் டவுசர் இடுப்பில் நிற்காது. ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வந்த சித்தி, "இன்னாம்மா, புள்ள துரும்பா எளைச்சிப் போயிருக்கான்?" என்று கேட்பார். அன்று இரவே மாத்திரை அட்டை பீரோவுக்கு மேலே போய்விடும். பதினைந்து நாளில் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். மாத்திரை மறுபடி கீழே இறங்கும்.

இப்படி நிறுத்துவதும் தொடங்குவதுமாக வருடங்கள் ஓடுகின்றன. இதில் பிள்ளைக்கு எடையும் ஏறுவதில்லை, படிப்பும் ஏறுவதில்லை. நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பிள்ளைக்குப் பசிக்கும் நேரத்தில் வீட்டில் சாப்பிட என்ன இருக்கிறது?

பசி எந்த நேரத்தில் ஒளிகிறது

கவனக்குறைவு மிகைச்செயல்பாடு என்று தமிழில் எழுதினாலும், எல்லோர் வாயிலும் புழங்குவது ஏ.டி.எச்.டி.தான். கவனத்தையும் அவசரத்தையும் கட்டுப்படுத்த மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் வேலை செய்கின்றன. அதிகம் எழுதித் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை இவற்றைச் சற்று நேரம் கூடுதலாகக் கிடைக்கச் செய்கிறது. பசியைத் தட்டி எழுப்புவதிலும் அடக்குவதிலும் இதே ரசாயனங்களுக்குப் பங்கு உண்டு. அதனால் கவனம் கூடும் மணி நேரங்களில் பசி குறைகிறது.

சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகை எட்டு மணி நேரம், சில வகை பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்கும். எட்டு மணிக்கு நீண்ட நேர வகையைச் சாப்பிட்ட பிள்ளைக்குச் சத்துணவு மணி அடிக்கும்போது மருந்து முழு வேகத்தில் இருக்கும். சோற்றைப் பார்த்தாலே சிலருக்குக் குமட்டும். "ஏன் சாப்பிடல?" என்று அடித்துக் கேட்டாலும் அவனுக்குப் பதில் தெரியாது. மருந்து இறங்கும் மாலையில் அமுங்கிக் கிடந்த பசி மொத்தமாக எழும். சிடுசிடுப்பும் அழுகையும் சேர்ந்து வரும். 'சாயந்தரம் ஆனாலே பேய் பிடிச்ச மாதிரி ஆடறான்' என்று வீட்டில் சொல்வதில் பாதி வெறும் பசி.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு முதல் சில வாரங்களில் இருந்துவிட்டுத் தணிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். எவருக்கு எப்படி என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே மாத்திரை தொடங்கும் நாளிலேயே எடை பார்த்து எழுதிவைப்பது அவசியம்.

■ பெட்டிச் செய்தி: மாத்திரையின் கதை

• 1937-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல் இருந்த 30 குழந்தைகளுக்கு ஆம்ஃபெட்டமைன் வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். பலர் பள்ளிப் பாடத்தில் சட்டென்று ஊன்றினார்கள். ஊக்கி மருந்து குழந்தைகளை அமைதிப்படுத்தும் என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான்.

• மெத்தில்ஃபெனிடேட்டை 1944-ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் தயாரித்தார். மனைவி ரீட்டாவின் பெயரால் அது 'ரிட்டலின்' ஆனது.

• கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, சுமார் 11 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கண்டது. உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்படும் மதிப்பீடு 5 சதவீதத்தை ஒட்டியது.

• 5 வயதுக்குக் கீழே மருந்துக்கு முன்பு பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை.

சோற்று நேரத்தை நகர்த்துங்கள்

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஏ.டி.எச்.டி. வழிகாட்டுதல், எடை குறையும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்கிறது. மருந்தின் வேகம் இல்லாத அதிகாலையிலும் இரவிலும் கூடுதலாக ஒரு வேளை உணவு. கலோரியும் சத்தும் ஒன்றாக இருக்கும் பண்டங்கள். இவையெல்லாம் போதாதபோது திட்டமிட்ட மருந்து இடைவெளி, அல்லது மருந்தையே மாற்றுவது. இடைவெளி கடைசியில்தான் வருகிறது. நம் வீடுகளில் அதுதான் முதலில் நடக்கிறது.

காலையைப் பார்ப்போம். மாத்திரை வாயில் போகும் முன் வயிறு நிறைந்திருக்க வேண்டும். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு என்றால், ஆறரைக்குள் ஊட்டி முடிப்பது எந்தத் தாய்க்கும் முடியாத காரியம். தூங்கி எழுந்த அரை மணியில் பிள்ளைக்குச் சாப்பிடத் தோன்றாது. அதுவும் மருந்து இல்லாத நேரத்தில் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை அவன். இங்கே அரசின் காலை உணவுத் திட்டம் கை கொடுக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த திட்டம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. வீட்டில் எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினால், பள்ளிக் காலை உணவை அவன் பாதியில் வைத்துவிடுவான். பள்ளியில் பொங்கலைச் சாப்பிட்டு முடித்த பிறகு மாத்திரை என்று நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பல பிள்ளைகளுக்கு அந்த அரை மணி நேர மாற்றம் ஒரு முழு வேளை உணவை மீட்டுத் தரும். ஆனால் மாத்திரையை யார் கொடுப்பது? தலைமை ஆசிரியருக்கு டாக்டரின் கடிதம் ஒன்றும், பூட்டிய அலமாரி ஒன்றும் வேண்டும். ஆசிரியர்கள் தயங்குவது நியாயம். பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருந்தால் தயக்கம் தீரும்.

மதியத்துக்கு வருவோம். சண்டை வேண்டாம். மருந்து உச்சத்தில் இருக்கும்போது மிரட்டி ஊட்டினால் சோற்றின் மீதே வெறுப்பு வரும். எதைக் குறைவாகத் தின்றாலும் பலன் அதிகமோ அதை மட்டும் கேட்கலாம். சத்துணவு முட்டையில் 70 கலோரிக்கு மேல் இருக்கிறது, 6 கிராம் புரதம் இருக்கிறது. சாதத்தை விட்டுவிட்டு அந்த முட்டையை மட்டும் தின்னச் சொல்லி அமைப்பாளர் அம்மா பக்கத்தில் நின்றால் போதும். சாதாரண வகை மாத்திரையை இரண்டு வேளையாகச் சாப்பிடும் பிள்ளைக்கு, காலை மாத்திரை தளரும் பன்னிரண்டு மணியை ஒட்டிக் கொஞ்சம் பசி எட்டிப்பார்க்கும். அந்த இடுக்கில் சாப்பாடு, அதற்குப் பிறகு இரண்டாவது மாத்திரை என்ற வரிசை முக்கியம். மாறிவிட்டால் சாப்பாடு போச்சு.

பெரிய வேலை மாலையில் இருக்கிறது. நாலரைக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு டீ கொடுக்கும் பழக்கத்தை இந்த ஒரு பிள்ளைக்காகவாவது நிறுத்த வேண்டும். டீயும் பொறையும் வயிற்றை அடைத்துவிடும், சத்து எதுவும் சேராது. ஏற்கெனவே தூக்கம் தள்ளிப்போகும் பிள்ளைக்கு டீ இன்னும் கெடுதல். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்கள் வேர்க்கடலை விளையும் பூமி. கலவை பக்கம் அறுவடைக் காலத்தில் வீட்டு வாசலிலேயே காய்ந்துகொண்டிருக்கும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, சுமார் 30 கிராம், 170 கலோரியும் 7 கிராம் புரதமும் தரும். கூடவே வெல்லமும் வாழைப்பழமும் இருந்தால் ஒரு சின்னச் சாப்பாட்டுக்குச் சமம். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி, நெய் விட்ட ரவா லட்டு என்று பாட்டிக்குத் தெரிந்த பண்டங்களே இங்கே மருந்து. ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ 40 கலோரிக்கு மேல் கூட்டும். தோசையில் ஒரு ஸ்பூன், சாம்பார் சாதத்தில் ஒரு ஸ்பூன் என்று பிள்ளைக்குத் தெரியாமலே ஏற்றலாம்.

ஏழு மணிப் பசிக்கு வீட்டில் ஏதாவது தயாராக இருக்க வேண்டும். அம்மா வந்துதான் உலை வைக்க வேண்டும் என்றால், வடித்த சோறும் கருவாட்டுக் குழம்பும் எட்டரைக்கு வரும்போது அவன் பிஸ்கட் பாக்கெட்டை முடித்திருப்பான். காலைக் குழம்பை எடுத்துவைத்து ஏழு மணிக்கே பாட்டி ஒரு வேளை போட்டுவிடலாம். ஒன்பதரைக்கு, படுக்கும் முன் மறுபடி ஒரு தோசையோ பாலும் பழமுமோ. 'ராத்திரி நேரத்தில் இரண்டாவது சாப்பாடா?' என்று தாத்தா முணுமுணுப்பார். பகலில் விட்டதை அந்தப் பிள்ளை அப்போதுதான் சாப்பிடுகிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு குறுக்கு வழிகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் 'பசி சிரப்' என்று கேட்டு வாங்கும் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கான மருந்து அது, தூக்கத்தைக் கொண்டுவரும். சில பிள்ளைகளுக்கு டாக்டரே பார்த்து எழுதித் தரலாம். நாமாக வாங்கி ஏ.டி.எச்.டி. மருந்தோடு கலப்பது ஆபத்து. அடுத்தது டப்பாவில் வரும் மாவு பானங்கள். அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் அதிகம். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

இன்னொன்று. பசி இல்லாததற்கெல்லாம் மாத்திரையையே குற்றம் சொல்லிவிட முடியாது. வயிற்றில் பூச்சி, ரத்தசோகை, சொத்தைப் பல், நாள்பட்ட இருமல் என்று வேறு காரணங்கள் பின்னால் ஒளிந்திருக்கலாம். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே மெலிந்திருந்த பிள்ளை என்றால் இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

சுவரில் ஒரு கோடு

வளர்த்தி குறைந்துவிடுமோ என்ற பயத்தை 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று தட்டிவிடக் கூடாது. கேட்க வேண்டிய பயம்தான் அது. அமெரிக்காவில் 579 குழந்தைகளோடு தொடங்கிய எம்.டி.ஏ. என்ற பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 1999-ல் வந்தன. ஆய்வில் சேர்ந்த பிறகு மருந்தைத் தொடங்கிச் சாப்பிட்டுவந்த பிள்ளைகள், மருந்து சாப்பிடாதவர்களைவிட மூன்று ஆண்டுகளில் 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக வளர்ந்திருந்தார்கள். அவர்கள் பெரியவர்களானதும் மறுபடி அளந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள், ஏறக்குறைய சாப்பிடாதவர்களைவிடச் சராசரியாக 2.5 செ.மீ. அளவுக்குக் குட்டையாக இருந்தார்கள் என்று 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு அங்குல வித்தியாசம் இது. வகுப்பில் உட்கார்ந்து படிக்க முடிவதோடு சேர்த்துத்தான் அந்த ஒரு அங்குலத்தை எடைபோட வேண்டும். எடை போடும் உரிமை பெற்றோருக்கு உண்டு. டாக்டர் எண்களை மறைக்கக் கூடாது.

அளக்காமல் எதையும் எடைபோட முடியாது. பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரம் என்பது நைஸ் சொல்லும் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மருந்தின் அளவை மாற்றும்போதெல்லாமும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தைகளுக்கென்றே இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் திருத்தி வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. டாக்டர் கையில் அந்தத் தாள் இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். வீட்டில் கதவு நிலை ஓரமாகப் பென்சிலால் கோடும் தேதியும் போதும். எடைக்கு ஊர் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எப்போதும் ஒரே தராசு. சித்தியின் கண்ணைவிட அந்த நோட்டுப் புத்தகம் நம்பகமானது. ஒரு கிலோ குறைந்தது முதல் மாதத்திலா, ஆறாவது மாதத்திலா என்பதை வைத்தே டாக்டர் முடிவு மாறும்.

கேட்காமலே வரும் இடைவெளி

தோல் பட்டறை ஊர்களுக்கென்று இருக்கும் சங்கடம் இங்கே தொடங்குகிறது.

மெத்தில்ஃபெனிடேட் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும், மருந்து விதிகளின் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலிலும் அது இருக்கிறது. விற்கத் தனி உரிமம் வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தவறாகப் பயன்படுத்தக்கூடிய மருந்து என்பதால் இந்தக் காவல் தேவைதான். அதன் சுமை விழுவது யார் தலையில்? கலவையிலிருந்து ஒரு தாய் ஆற்காடு வந்து, பஸ் மாறி வேலூருக்குப் போய், வரிசையில் நின்று வாங்கிவர ஒரு முழு நாள் போய்விடும். செய்யாறு, ராணிப்பேட்டை சிப்காட் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் ஷூ மேல்பாகம் தைப்பவருக்கும், குடியாத்தத்தில் பீடி சுற்றுபவருக்கும் அந்த நாளுக்குக் கூலியே கிடையாது. போன நாளில் கடையில் 'ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க' என்றால் பத்து நாள் மருந்து இல்லை.

இப்படி வருவதை இடைவெளி என்றே சொல்லக் கூடாது. யாரும் திட்டமிடவில்லை, யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பரீட்சை வாரத்தில் வரும், சாலை ஓரத்து வீட்டுப் பிள்ளைக்கு லாரி போகும் நேரத்தில் வரும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை இந்த ஊர்களை ஊடுருவித்தான் போகிறது. ஹாங்காங்கில் மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்ட 17,381 பிள்ளைகளின் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். காயங்களோடு அவசரச் சிகிச்சைக்கு வருவது, மருந்து இருந்த நாட்களில் மருந்து இல்லாத நாட்களைவிட 9 சதவீதம் குறைவாக இருந்தது. 2015-ல் வெளியான முடிவு அது. மருந்து வகுப்பறைக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு மாவட்ட அரசு மருத்துவமனையிலும் இந்த மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீரும். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் வட்ட மருத்துவமனைகளுக்குப் போகும் நாட்களில் மருந்தையும் கையோடு கொண்டுபோக வழி செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. பெயரைப் பட்டியலில் சேர்த்தவர்கள் மாத்திரையையும் கிராமத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

யோசித்து விடும் இடைவெளி

யோசித்து, தேதி குறித்து விடும் இடைவெளியால் பயன் உண்டு. பிரேசிலில் 40 சிறுவர்களை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில், வார இறுதியில் மட்டும் மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தியபோது தூக்கமின்மையும் பசியின்மையும் குறைந்தன. குறும்பு கைமீறிப் போகவில்லை. அமெரிக்காவில் 230 குழந்தைகளோடு நடந்து 2020-ல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. மருந்தால் எடை குறைந்த பிள்ளைகளில் சிலருக்கு விடுமுறை நாட்களில் மருந்தை நிறுத்தினார்கள், சிலருக்குக் கூடுதல் கலோரி கொடுத்தார்கள், சிலரை நெருக்கமாகக் கண்காணிக்க மட்டும் செய்தார்கள். மூன்று குழுவிலும் எடை ஏறும் வேகம் கூடியது. உயரம் மூன்றிலும் கூடவில்லை.

ஆக, சனி ஞாயிறு நிறுத்தினால் எடை ஏறலாம். உயரம் பாதிக்கப்பட்டிருந்தால் அது போதாது. பள்ளி விடுமுறையில் நீண்ட இடைவெளி விட்டுப் பார்க்கும் யோசனையை நைஸ் அந்த நிலைக்குத்தான் சொல்கிறது. வீட்டுக்கு வீடு முடிவு மாறும். வாரம் முழுக்க பள்ளியில் திட்டு வாங்கி, சனிக்கிழமையும் தெருவில் சண்டை போட்டு நண்பர்களை இழக்கும் பிள்ளைக்கு வார இறுதி இடைவெளி நல்லதைவிடக் கெடுதலையே செய்யும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்து, விளையாட இடம் இருந்து, எடை மட்டுமே கவலை என்றால் அது கை கொடுக்கும்.

■ பெட்டிச் செய்தி: எல்லா மருந்துக்கும் இடைவெளி கிடையாது

• மெத்தில்ஃபெனிடேட் அன்றன்றைக்கு வேலை செய்யும் மருந்து. ஓரிரு நாள் இடைவெளி விட்டாலும் மறுபடி தொடங்கிய அன்றே பலன் தெரியும்.

• இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்தான அடோமாக்ஸடின் அப்படி இல்லை. அதன் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். வார இறுதியில் நிறுத்தினால் பலன் நிலைக்காது. ஷெட்யூல் எக்ஸ் கட்டுப்பாடு அதற்கு இல்லை என்பதால் சின்ன ஊர்களில் இதை எழுதித் தருவதும் உண்டு. இதுவும் சிலருக்குப் பசியைக் குறைக்கும்.

• ஏ.டி.எச்.டி.க்காகக் குளோனிடின் சாப்பிடும் பிள்ளைக்குத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

• மெல்ல வெளிவிடும் வகை மாத்திரைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாத பிள்ளைக்கு வேறு வகை உண்டா என்று கேளுங்கள்.

• மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, எந்த உணவையும் தொடாத நாட்கள், எப்போதும் சோகமாக முடங்கிக் கிடப்பது – இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

• மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத் தமிழிலேயே எந்நேரமும் அழைக்கலாம்.

நோன்பு மாதத்தில்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் ரமலான் வந்தால் சாப்பாட்டு நேரமே தலைகீழாகிவிடும். சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை. ஆனாலும் அண்ணன் பிடிக்கிறான் என்று தம்பியும் அடம்பிடிப்பான். மாத்திரை ஏற்கெனவே பசியை அமுக்கியிருப்பதால் இந்தப் பிள்ளைக்கு நோன்பு சுலபமாகத் தெரியும். தாகம் எடுப்பது தெரியாமல் வாடிவிடக்கூடும். இங்கே கோடை வெயிலோடு நோன்பு வரும் ஆண்டுகளில் இது சாதாரண விஷயம் அல்ல. பருவம் எட்டிய பிள்ளை நோன்பு பிடிக்க விரும்பினால், மாதம் பிறப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தின் வகையையும் நேரத்தையும் பேசிவிடுவது நல்லது. ஒரு வேளை மருந்தை, விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்குப் பிறகு கொடுக்க முடிகிற பிள்ளைகள் உண்டு. அப்படியானால் சஹரில் வயிறார முட்டையும் பாலும் இருக்க வேண்டும். நோன்பு திறக்கும் இஃப்தார் கஞ்சியோடு நிறுத்தாமல் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு இன்னொரு வேளை சேர்க்க வேண்டும்.

பழி யார் மேல்

பாலாற்றங்கரையில் எந்தப் பிள்ளைக்கு எது வந்தாலும் 'எல்லாம் அந்தத் தோல் தண்ணியாலதான்' என்பார்கள். தோல் பட்டறைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் மாசு தீராத மண் இது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கழிவில் இருக்கும் குரோமியத்தால் ஏ.டி.எச்.டி. வருகிறது என்று நிறுவப்படவில்லை. தொடர்பு தெரிந்திருப்பது ஈயத்தோடு. சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில், ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கவனச் சிக்கல்களும் கூடுதலாக இருந்தன. பழைய பேட்டரி உடைக்கும் இடத்தின் பக்கம் குடியிருப்பவர்கள் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

தண்ணீருக்கு அடுத்து, பழி வந்து விழுவது தாய் மேல்தான். 'வேலைக்குப் போனா புள்ள இப்படித்தான்', 'மாத்திரை கொடுத்து புள்ளய மந்தமாக்கிட்டா'. ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டையும் கேட்கிற பெண்கள் இருக்கிறார்கள். இது வளர்ப்பால் வருவதில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தாயத்துக் கட்டுவதா, தர்காவுக்கோ கோயிலுக்கோ போவதா என்பது குடும்பத்தின் விருப்பம். அதற்காக மருந்தை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம், 1950-களில் தொடங்கியதிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையைக் கடைப்பிடிக்கிறது. அங்கே குழந்தைகளுக்கான நம்பிக்கை நிலையத்திலும் பெற்றோர் உடனிருந்துதான் பயிற்சி பெறுகிறார்கள். மருந்தைப் பற்றிய பேச்சுக்கு மாமியாரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போவதில் இருக்கும் பலன் அதுதான். அம்மா ஒருத்தியே கேட்டுவந்து வீட்டில் சொன்னால் எடுபடாது. டாக்டர் வாயால் பாட்டி கேட்டுவிட்டால், நாலரை மணி டீ மறுநாளே நின்றுவிடும்.

ஏப்ரல் முடிவதற்குள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நீண்ட இடைவெளிக்கு வாய்ப்பு வருகிறது. அதற்குள் டாக்டரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். புதுப் பள்ளியில் சேரும் மாதத்திலும், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதும் இந்த இடைவெளியைத் தொடங்கக் கூடாது. நிறுத்தும் தேதி, மறுபடி தொடங்கும் தேதி, அன்றைய எடை, உயரம் – நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை விடுமுறைக்குப் போகும் தாத்தா வீட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா, ஏரி பக்கமா, யார் கூடவே இருப்பார்கள் என்று பார்க்க வேண்டும். யோசிக்காமல் குதிக்கும் பிள்ளைக்கு மருந்து இல்லாத மே மாதம் அது. வேலூர் வெயிலில் யாருக்குமே பசிக்காது என்பதால் கூழ், மோர், நுங்கு, இரவு உணவு என்று பார்த்துக் கொடுத்தால்தான் இடைவெளியின் பலன் எடையில் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்பே மருந்தைத் தொடங்கிவிடுவது நல்லது. முதல் நாள் வகுப்பும் முதல் நாள் மாத்திரையும் ஒன்றாக வர வேண்டாம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு பழைய அளவிலேயே தொடங்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

மருந்து இன்னும் தேவைதானா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். விடுமுறையில் அது தெரியாது, வீட்டில் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்காரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அதற்குப் பரீட்சை இல்லாத பள்ளி நாட்களில், டாக்டர் சொல்லும் தேதியில் சில நாள் நிறுத்திப் பார்க்கலாம். அந்த நாட்களில் பிள்ளை எப்படி இருந்தான் என்று வகுப்பாசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எத்தனை முறை எழுந்து போனான், எத்தனை கணக்கை முடித்தான், சத்துணவு முட்டையைத் தின்றானா என்று. மருந்தைக் குறைக்கலாமா, மாற்றலாமா, நிறுத்தியே விடலாமா என்று டாக்டர் முடிவு செய்ய அந்தத் தாள் இல்லாமல் முடியாது.